காவோலையும் குருத்தோலையும்

பனைகளின் நடுவே வாழும் மக்களிடையே பழமொழி ஒன்று வழங்குகின்றது. "காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்பதே அது. காய்ந்து முதிர்ந்த ஓலை மரத்தினின்று கழன்று விழும்போது, உச்சியிலே வெண்மையாய் விரியும் குருத்து, தனக்கும் அந்நாள் வரும் என்பதை அறியாது நகைக்கின்றதாம். மூத்தோர் விலக இளையோர் இடம்பெறுவது குடும்பத்திலும் உண்டு, தொழிலிலும் உண்டு, அரசியலிலும் உண்டு. ஆயின் அங்கெல்லாம் அது மெதுவாகவும் ஓரளவு மறைவாகவும் நிகழ்கின்றது. பல்லாயிரவர் பார்த்திருக்க, ஒரே பிற்பகலில், எண்களாற் கணக்கிடப்பட்டு அது நிகழும் இடம் ஒன்றுண்டு. அதுவே டென்னிஸ் களம்.

நேயர்களே, மற்றை விளையாட்டுகளிலும் வயது ஏறத்தானே செய்கின்றது, டென்னிசுக்கு மட்டும் என்ன சிறப்பு என்று நீங்கள் கேட்கலாம். உதைபந்தாட்டத்தில் மூத்த வீரர் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, இளையோரை ஓடவிட்டுப் பந்தைப் பகிர்ந்தளிக்கலாம். கிரிக்கெட்டில் அவரை ஓட்டம் குறைந்த இடத்தில் நிறுத்திவைக்கலாம். டென்னிஸ் ஒற்றையர் போட்டியில் இவ்வகைப் புகலிடம் எதுவுமில்லை. களத்தின் தம் பாதி முழுவதையும் அவரே காக்கவேண்டும். மேலும், இவ்விளையாட்டுக்குக் கால எல்லை கிடையாது. முன்னணியில் இருப்பவர் நேரம் முடியும்வரை பொறுத்திருந்து வென்றுவிட முடியாது. கடைசிப் புள்ளியையும் அவரே வென்றெடுக்க வேண்டும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் வரலாறுகளில் அந்தக் கடைசிப் புள்ளியே பலமுறை தலையெழுத்தாக அமைந்துள்ளது.

இனி, ஆண்டுக்கணக்காக அரசோச்சிய ஒரு வீரர் முப்பது வயதைத் தாண்டியபின் ஏன் தோற்கின்றார் என்பதை ஆராய்வோம். திறமை குறைந்துவிட்டது என்பதே பலர் கூறும் விடை. அது முழு உண்மையன்று.

டென்னிஸ் களத்தின் நீளம் 78 அடி. மணிக்கு 120 மைல் வேகத்தில் ஒருவர் சேர்விஸ் அடித்தால், அப்பந்து எதிரே நிற்பவரை ஏறக்குறைய அரை வினாடியில் அடைந்துவிடும். பந்து எங்கே விழும் என்று கணித்து, காலெடுத்து வைத்து, மட்டையைப் பின்னிழுத்துத் திருப்பி அடிப்பதற்கு உள்ள காலம் அவ்வளவே. கண்ணையும் காலையும் மட்டும் நம்பினால் இது இயலாது. அனுபவமுள்ளவர், எதிராளி பந்தை மேலே எறியும் விதத்தையும் தோள் திரும்பும் திசையையும் கண்டு, அடி விழுமுன்னரே பந்தின் போக்கை உணர்ந்துகொள்கின்றார். இந்த அறிவு வயதோடு வளர்வது. கை கற்ற வித்தையும் எளிதில் மறப்பதில்லை. நாற்பது வயதில் பந்தைக் கோட்டின்மேல் வைக்கும் நுட்பம், இருபது வயதில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கக்கூடும்.

ஆனால் வயது கவர்ந்து செல்வன வேறு சில. முதலாவது, பாய்ந்து எடுத்து வைக்கும் முதலடி. விரைந்து சுருங்கும் தசைநார்கள் முப்பதுகளிலிருந்து படிப்படியாக வலுவிழக்கின்றன. இரண்டாவது, இதயத்தின் உச்சத் துடிப்பு. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு துடிப்பு வீதம் அது குறைந்துகொண்டே வருகின்றது. மூன்றாவது, யாவற்றிலும் பெரியது: களைத்த உடல் மீண்டும் தேறுவதற்கு வேண்டிய காலம். மூத்த வீரர் ஒருவர், ஒருநாள், தம் இளமைக்கால ஆட்டத்தை அப்படியே ஆடிக் காட்டிவிட முடியும். அதனை மறுநாளும் அதற்கு மறுநாளும் ஆடுவதே அரிது. விம்பிள்டன் போன்ற பெருஞ் சுற்றுப்போட்டிகளில் சம்பியனாவதற்கு, இரண்டு வாரங்களில் ஏழு போட்டிகளில் வெல்லவேண்டும். ஆடவர்க்கு ஒவ்வொன்றும் ஐந்து செட்வரை நீளக்கூடும். ஆகவே மூத்தவரை வீழ்த்துபவர் எதிரே நிற்கும் இளைஞர் மட்டுமல்லர். அதற்குமுன் அவர் ஆடிவந்த போட்டிகளும் அவ்விளைஞரோடு கூட்டுச் சேர்ந்துகொள்கின்றன.

இதற்கு நல்லதொரு சான்று 1919ஆம் ஆண்டு விம்பிள்டனில் கிடைக்கின்றது. டொரத்தியா லாம்பேர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி அங்கே ஏழு முறை சம்பியனாக விளங்கியவர். ஏழாவது வெற்றி 1914இல் கிடைத்தது. அதன்பின் முதல் உலகப் போர் குறுக்கிட்டது. போர் முடிந்து போட்டி மீண்டும் தொடங்கியபோது அவருக்கு வயது 40. எதிர்த்து வந்தவர் பிரான்சு நாட்டின் சுசான் லெங்லென், வயது 20. கணுக்கால்வரை பாவாடை அணிந்த பழைய மரபினர் ஒருபுறம். குட்டைப் பாவாடையும் குறுங்கையுமாக வந்து நடனமாடுபவர்போற் களத்திற் பாய்ந்த புதுமைப் பெண் மறுபுறம். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் அரசியாரும் பார்த்திருந்தனர்.

முதற் செட்டை லெங்லென் 10-8 என வென்றார். இரண்டாவதைச் சேம்பர்ஸ் 6-4 எனப் பெற்றார். மூன்றாவதில் 1-4 எனப் பின்னின்ற சேம்பர்ஸ், மெல்ல மெல்ல மேலேறி 6-5 என முந்தினார். அடுத்த ஆட்டத்திலும் 40-15 என்ற நிலை. இன்னும் ஒரேயொரு புள்ளி போதும். அதனைப் பெறுதற்கு இரண்டு வாய்ப்புகள். அவ்வேளையில் லெங்லெனின் மட்டைச் சட்டத்திற் பட்ட பந்து ஒன்று, தட்டுத்தடுமாறி வலைக்கு அப்பால் விழுந்து அவரைக் காத்தது. இரண்டாவது வாய்ப்பும் நழுவியது. முடிவில் 9-7 என லெங்லென் வென்றார். நாற்பத்துநான்கு ஆட்டங்கள் நீண்ட அப்போட்டியில், இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையே இருந்த தூரம் ஒரு மட்டைச் சட்டத்தின் அகலமே.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அக்காலத்து விதிப்படி, முந்திய ஆண்டின் சம்பியன் தொடக்கச் சுற்றுகளில் ஆடவேண்டியதில்லை. ஏனையோர் தமக்குள் ஆடி, எஞ்சியவர் வந்து அவரை அறைகூவி அழைப்பார். எனவே 1919இல் சேம்பர்ஸ் ஆடவேண்டியிருந்தது ஒரே போட்டி. களைப்பின்றி வந்தார், ஒரு புள்ளியளவு வெற்றியை நெருங்கினார். அடுத்த ஆண்டு பட்டம் லெங்லெனிடம் இருந்தமையால், சேம்பர்ஸ் எல்லாச் சுற்றுகளையும் ஆடிக் கடந்தே அவரைச் சந்திக்க முடிந்தது. 41 வயதில் அவர் அதனையும் செய்தார். ஆனால் இறுதியில் 6-3, 6-0 என எளிதாகத் தோற்றார். லெங்லென் ஓராண்டில் மேலும் வளர்ந்திருந்தார் என்பது உண்மையே. எனினும் ஒரு போட்டி ஆடுவதற்கும் ஒரு சுற்றுப்போட்டி முழுவதும் ஆடுவதற்கும் உள்ள வேற்றுமையை அவ்விரு தோல்விகளும் தெளிவாகக் காட்டுகின்றன. 1925இல், 46 வயதில், அமெரிக்காவுக்கு எதிரான வைட்மன் கிண்ணத்தில் தம் நாட்டின் சார்பில் ஒற்றையர் போட்டியொன்றில் சேம்பர்ஸ் வெற்றியும் பெற்றார். கை மறக்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதே உண்மையை 1969ஆம் ஆண்டு விம்பிள்டனிலும் காண்கின்றோம். அமெரிக்க வீரர் பாஞ்சோ கொன்சாலெசுக்கு அப்போது வயது 41. முதற் சுற்றில் எதிர்த்தவர் 25 வயதுடைய சார்ளி பசரெல். முதற் செட்டைப் பசரெல் 24-22 என வென்றார். பொழுது சாய்ந்தது. வெளிச்சம் போதவில்லை என்று கொன்சாலெஸ் முறையிட்டும் ஆட்டம் தொடர்ந்தது. சினங்கொண்ட அவர் இரண்டாவது செட்டை 6-1 எனப் பறிகொடுத்தார்; பார்வையாளர் அவரைப் பழித்துக் கூச்சலிட்டனர். மறுநாள் வந்து 16-14, 6-3, 11-9 என அடுத்த மூன்று செட்டுகளையும் வென்றார். இடையில் ஏழு முறை பசரெல் வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்தில் நின்றார். ஏழு முறையும் மூத்தவர் அதனைத் தடுத்தார். மொத்தம் 112 ஆட்டங்கள். 5 மணி 12 நிமிடம். முதல்நாள் பழித்த கூட்டமே மறுநாள் எழுந்து நின்று கைதட்டியது. ஆயினும் கொன்சாலெஸ் அவ்வாண்டு சம்பியனாகவில்லை. நான்காம் சுற்றில் ஆர்தர் ஆஷ் என்ற இளையவரிடம் தோற்றார். ஒரு போட்டியை வெல்லலாம். ஏழையும் வெல்வதே அரிது.

இப்பொருளின் நெஞ்சாக அமைந்த வரலாறு அவுஸ்திரேலிய வீரர் கென் ரோஸ்வோலுடையது. அது 1954இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு விம்பிள்டன் இறுதிப் போட்டிக்கு அவர் வந்தபோது வயது 19. எதிரே நின்றவர் யாரோஸ்லாவ் ட்ரோப்னி. செக்கோசிலோவாக்கியாவில் பிறந்து, நாட்டைவிட்டு வெளியேறி, எகிப்தியக் குடியுரிமையோடு ஆடியவர், வயது 32. முன்னரும் இரண்டு முறை, 1949இலும் 1952இலும், இறுதிவரை வந்து தோற்றவர். அன்று ட்ரோப்னி 13-11, 4-6, 6-2, 9-7 என வென்றார். கூட்டம் மகிழ்ந்தது. முதியவருக்கு இதுவே கடைசி வாய்ப்பு. இளைஞருக்கோ இன்னும் எத்தனையோ ஆண்டுகள் உண்டு என்று எண்ணுவது யார்க்கும் இயல்பே.

அவ்வெண்ணம் பொய்த்தது. 1956இல் ரோஸ்வோல் மீண்டும் இறுதிக்கு வந்து, தம் நாட்டவரான லூ ஹோடிடம் தோற்றார். பின்னர் பணத்துக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரானார். அக்காலத்தில் விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகள் தொழில்முறை சாராதவர்க்கு மட்டுமே உரியன. எனவே பதினோர் ஆண்டுகள் அவருக்கு அக்கதவு அடைக்கப்பட்டிருந்தது. 1968இல் யாவர்க்கும் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது 33. ஆயினும் அவர் தளரவில்லை. அவ்வாண்டே பிரெஞ்சுப் பட்டத்தையும், 1970இல் அமெரிக்கப் பட்டத்தையும், 1971இலும் 1972இலும் அவுஸ்திரேலியப் பட்டத்தையும் வென்றார். 1972இல் அவருக்கு வயது 37; அவ்வயதில் ஆடவர் ஒற்றையர் பெரும் பட்டமொன்றை வென்ற அச்சாதனை அரை நூற்றாண்டுக் காலம் முறியடிக்கப்படாது நின்றது. விம்பிள்டன் மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை. 1970 இறுதியிலும் ஜோன் நியூகோம்பிடம் தோற்றார்.

இனி 1974க்கு வருவோம். ரோஸ்வோலுக்கு 39 வயது. காலிறுதியில் அதே நியூகோம்பை வென்றார். அரையிறுதியில் 1972ஆம் ஆண்டுச் சம்பியன் ஸ்டான் ஸ்மித். முதல் இரு செட்டுகளும் ஸ்மித்துக்கே. மூன்றாவதில் ஸ்மித்துக்கு வெற்றிக்கு வேண்டியது ஒரு புள்ளி. அதனைத் தடுத்த ரோஸ்வோல், அந்தச் செட்டை 9-8 எனவும் அடுத்தவற்றை 6-1, 6-3 எனவும் வென்று இறுதிக்கு வந்தார். 1954க்குப்பின் சரியாக இருபது ஆண்டுகள். அன்று ட்ரோப்னிக்கு வாய்த்ததுபோல் இன்று இவருக்கும் வாய்க்காதா என்று பலர் ஏங்கினர். எதிரே வந்தவர் அமெரிக்க இளைஞர் ஜிம்மி கொனர்ஸ், வயது 21.

முடிவு 6-1, 6-1, 6-4. அவ்வாண்டு செப்டெம்பரில் அமெரிக்கப் போட்டியின் இறுதியிலும் இருவரும் சந்தித்தனர்; அங்கே 6-1, 6-0, 6-1. இரண்டு பெரும் இறுதிப் போட்டிகளிலும் சேர்த்து ரோஸ்வோல் வென்றவை எட்டே ஆட்டங்கள்.

இந்தப் பெருந்தோல்விக்குக் களைப்பு மட்டும் காரணமன்று. ரோஸ்வோலின் சேர்விஸ் என்றுமே வலியதன்று. இளமையில் அவருடைய கால்கள் அக்குறையை மறைத்தன; பந்து எங்கே திரும்பி வந்தாலும் அவர் அங்கே நின்றார். கொனர்சோ, சேர்விஸைத் திருப்பியடிப்பதில் ஈடிணையற்றவர். பந்து எழும்போதே, அது உச்சத்தை அடையுமுன்னரே, முழு வேகத்தோடு அறைபவர். மென்மையான சேர்விஸ் அவருக்கு விருந்தாயிற்று. ஒரு வீரரிடம் தொடக்கம் முதலே இருந்த குறையை இளமை மூடி வைத்திருக்கின்றது. முதுமை அத்திரையை நீக்குகின்றது. புதிய குறை ஒன்றும் பிறப்பதில்லை. பழைய குறை வெளிப்படுகின்றது. இன்னொன்றும் உண்டு. இளையவர், மூத்தவரின் ஆட்டத்தைச் சிறுவயது முதற் பார்த்துப் பாடம் படித்தவர். மூத்தவருக்கோ இளையவரின் ஆட்டம் புதியது.

பழமொழியின் பின்பாதி இங்கேதான் மெய்யாகின்றது. பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1991ஆம் ஆண்டு அமெரிக்கப் போட்டி. மணிக்கட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, தரவரிசையில் 174ஆம் இடத்துக்குத் தாழ்ந்திருந்த கொனர்ஸ், சிறப்பு அனுமதி பெற்று உள்ளே வந்தார். முதற் சுற்றிலேயே இரண்டு செட்டுகளை இழந்து, மூன்றாவதிலும் 0-3 எனப் பின்னின்று, மீண்டு வென்றார். செப்டெம்பர் 2ஆம் நாள் அவருடைய பிறந்தநாள். 39 வயது நிறைந்தது. அன்று 24 வயதுடைய ஆரோன் கிரிக்ஸ்டீனோடு 4 மணி 41 நிமிடம் போராடி, ஐந்தாவது செட்டில் 2-5 என்ற நிலையிலிருந்து எழுந்து வென்றார். அரையிறுதிவரை முன்னேறினார். அங்கே அவரை எதிர்த்தவர் ஜிம் கூரியர். கூரியருக்கு வயது 21. கொனர்சுக்கு வயது 39. 1974இல் விம்பிள்டனில் நின்ற அதே இரு வயதுகள். ஆனால் கொனர்ஸ் இப்போது வலையின் மறுபுறத்தில் நின்றார். கூரியர் 6-3, 6-3, 6-2 என வென்றார். குருத்தோலை காவோலையாகியது.

அண்மைக் காலத்திலும் இந்தச் சங்கிலி அறுபடவில்லை. 2001இல் 19 வயது ரொஜர் பெடரர், விம்பிள்டனில் ஏழு முறை சம்பியனான 29 வயது பீட் சாம்பிராசை ஐந்து செட்டுகளில் வீழ்த்தினார். இருபது ஆண்டுகளின்பின், 2021இல், 39 வயதுப் பெடரர் அதே விம்பிள்டன் காலிறுதியில் போலந்தின் ஹூபேர்ட் ஹுர்காசிடம் தோற்றார். கடைசிச் செட்டில் ஓர் ஆட்டமும் அவருக்குக் கிட்டவில்லை. 2023இல் 20 வயதுக் கார்லோஸ் அல்கராஸ், 36 வயது நொவாக் ஜோகோவிச்சை விம்பிள்டன் இறுதியில் ஐந்து செட்டுகளில் வென்றார். 2024இல் மூன்றே செட்டுகளில் வென்றார். ஆனால் அந்த 2024 தோல்விக்குச் சில வாரங்களின்பின், பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் ஜோகோவிச் 7-6, 7-6 என அல்கராசை வென்று தங்கப் பதக்கம் பெற்றார். அங்கே போட்டிகள் மூன்று செட்டுகளுக்கு உட்பட்டவை என்பதை மறக்கலாகாது. பாதை குறுகியபோது முதியவரின் அறிவு மீண்டும் முன்னின்றது.

அப்படியாயின், மூத்த வீரர் எப்போது விலகவேண்டும்? உச்சியில் இருக்கும்போதே விலகுவதே மதிப்பு என்பார் பலர். சாம்பிராஸ் அவ்வாறு செய்தார். 2002இல் அமெரிக்கப் பட்டத்தை வென்றபின் அவர் தொழில்முறைப் போட்டி எதிலும் ஆடவில்லை. சுவீடன் வீரர் பியோன் போர்க் 1981இல் இரண்டு பெரும் இறுதிப் போட்டிகளில் ஜோன் மெக்கென்றோவிடம் தோற்றபின், பெரும் போட்டிகளைவிட்டு ஒதுங்கி, 1983இல் 26 வயதிலேயே ஓய்வை அறிவித்தார். அவ்விலகலுக்காக மிகவும் வருந்தியவர்களுள் ஒருவர் அவரை வென்ற மெக்கென்றோவே. ஏன்? தம்மை அளந்துகொள்வதற்குரிய அளவுகோலை அவர் இழந்துவிட்டார்.

இதில் ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. தோற்கடிக்கப்படாமலே விலகும் சம்பியன், பட்டத்தைக் கைமாற்றிக் கொடுப்பதில்லை. அதனை வெற்றிடத்தில் வைத்துச் செல்கின்றார். சேம்பர்ஸ் 1919இல் களத்துக்கு வராதிருந்தால், லெங்லென் சம்பியனாகியிருக்கக் கூடும். ஆனால் உலகம் அவரை அவ்வளவு விரைவில் நம்பியிராது. பழைய சம்பியனை நேருக்குநேர் வென்ற பின்னரே புதியவரின் முடிக்கு எடை உண்டாகின்றது. ஆகவே தோல்விக்கு அஞ்சாது களத்தில் நிற்கும் மூத்தவர், தம் பெயரைக் கெடுத்துக்கொள்கின்றார் என்று கருதுவது பிழை. தம் பிற்காலத்தாருக்குத் தம்மையே உரைகல்லாகக் கொடுக்கின்றார் அவர்.

ரோஸ்வோல் இதனை வாயாற் சொல்லவில்லை, ஆடிக் காட்டினார். விம்பிள்டனில் ஆறே ஆட்டங்களோடு வீழ்ந்தவர், அதே ஆண்டு அமெரிக்கப் போட்டிக்குச் செல்லாது இருந்திருக்கலாம். சென்றார், இறுதிவரை போராடி வந்தார், முன்னிலும் மோசமாகத் தோற்றார். பின்னரும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. 1977இல் ஹொங்கொங்கில், 43 வயதில், ஒரு சுற்றுப்போட்டியை வென்றார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் இறுதிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. எனினும் விம்பிள்டன் வரலாற்றை எழுதுவோர் எவரும் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

நேயர்களே, காவோலை விழுவது மரத்தின் இயல்பு. ஆனால் விழுந்த காவோலை வீணாவதில்லை. வேலியாகவும் விறகாகவும் எருவாகவும் அது பயன்படுவதை நம் ஊர்களில் அறிவோம். குருத்தோலை சிரிக்கட்டும், அது இளமையின் உரிமை. அச்சிரிப்பினூடே, தான் விரிந்து நிற்கும் மரத்தைத் தாங்கி வளர்த்த ஓலை எது என்பதையும் அது ஒருகணம் எண்ணிப் பார்க்குமாயின், வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் அதுவே போதிய பரிசாகும்.